பெரிய கேம்பரை இழுக்க எந்த பிக்-அப்? கொச்சியிலிருந்து கணக்குப் போட்டால் வேறு பதில் வருகிறது

இந்த வார இறுதியில் மூணாறு, அடுத்த மாதம் வால்பாறை, மே லீவில் தனுஷ்கோடி. பின்னால் குட்டி வீடு மாதிரி ஒரு கேம்பர், முன்னால் அதை இழுத்துக்கொண்டு போக முரட்டுத்தனமான ஒரு பிக்-அப். அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடும்பங்கள் இப்படிக் கிளம்புவதை யூடியூப்பில் பார்த்துவிட்டு, கொச்சி இன்ஃபோபார்க்கிலும் சென்னை ஓ.எம்.ஆரிலும் இருக்கிற பலர் கேட்கிற கேள்வி: "எந்த வண்டி வாங்கலாம்?"

கேள்வியைக் கொஞ்சம் தலைகீழாகக் கேட்க வேண்டும். முதலில் கேம்பர் எவ்வளவு எடை? அதைச் சாலையில் இழுத்துப்போகச் சட்டம் விடுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வண்டி. இந்த வரிசையை மாற்றினால் இழப்பு சில ஆயிரம் ரூபாயோடு நிற்காது. பிரேக் சூடாகிக் கைவிடுகிற மலைப்பாதையும், "உங்க வண்டி கம்பெனி சொன்ன எடையைத் தாண்டி இழுத்திருக்கு" என்று இன்சூரன்ஸ்காரர் எழுதுகிற கடிதமும் அந்த வழியில்தான் வரும்.

உதாரணத்துக்கு மட்டாஞ்சேரியில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொச்சியில் இருந்து மூணாறு, தேனி, மதுரை வழியாகத் தொண்டி போகும் தேசிய நெடுஞ்சாலை 85, இரண்டு மாநிலத்தையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. குறுகலான தெரு, பழைய பாலம், மலை ஏற்றம், சமவெளி எல்லாம் இந்த ஒரே பாதையில் உண்டு. கேம்பர் கனவைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

அமெரிக்காக்காரர் வைத்திருக்கிற வண்டி எது?

அங்கே 30 அடி நீளக் கேம்பர் சாமானோடு 3 முதல் 4 டன் வரும். டிரக்கின் தொட்டியிலேயே மாட்டுகிற 'ஃபிஃப்த் வீல்' வகை அதைவிடக் கனம். அதற்காகத்தான் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற 'ஹெவி டியூட்டி' பிக்-அப்கள் இருக்கின்றன. பெரிய இன்ஜின் மட்டும் அவற்றின் பலம் அல்ல. கனமான சேஸிஸ், பின் ஆக்சில், டீசல் மாடல்களில் இறக்கத்தில் வண்டியைப் பிடித்துவைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக், கேம்பரின் பிரேக்கை டிரைவர் சீட்டில் இருந்தே இயக்கும் கன்ட்ரோலர் என எல்லாமே இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை.

இந்த வகை நம்மூர் ஷோரூமில் கிடையாது. அவை இடது பக்க ஸ்டியரிங்கோடு தயாராகிறவை. ஆஸ்திரேலியாவில் ராம் டிரக்குகளை வலது பக்கத்துக்கு மாற்றிக் கட்டுவதற்கென்றே மெல்போர்னில் ஒரு தொழில் நடக்கிறது. இந்தியாவின் இறக்குமதி விதியோ வலது பக்க ஸ்டியரிங் கேட்கிறது. பழைய வண்டி என்றால் 3 வயதைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுப் பயணிகள் தங்கள் பதிவெண்ணோடேயே கேம்பரைக் கொண்டுவந்து சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது 'கார்னே' என்ற தற்காலிக அனுமதியில் வருவது. திரும்பிப் போயாக வேண்டும். இங்கே விற்க முடியாது.

"வேற வழி இருக்கு, பேப்பர் எல்லாம் ரெடி, விலையும் பாதி" என்று யாராவது சொன்னால் 2025 செப்டம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூடான் வழியாகக் கள்ளத்தனமாக வந்து, போலி ஆவணங்களில் இந்தியப் பதிவு பெற்றவை என்ற சந்தேகத்தில், கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கூர்' என்ற பெயரில் கேரளா முழுக்கச் சோதனை போட்டுப் பல சொகுசு வண்டிகளைப் பறிமுதல் செய்தது. சினிமா பிரபலங்களின் வீடுகளிலும் சோதனை நடந்ததால் அது தலைப்புச் செய்தியானது. இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வாங்கியவருக்கு இதில் இருக்கும் பாடம் எளிது: ஆர்.சி புத்தகத்தில் உங்கள் பெயர் இருப்பது மட்டும் வண்டியைக் காப்பாற்றாது. அது எந்தத் துறைமுகத்தில், எந்த ஆவணத்தோடு இறங்கியது என்பது வரை போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, இங்கே என்ன கிடைக்கிறது?

சொந்த உபயோகத்துக்கு நான்கு கதவு, 4x4 என்று பார்த்தால் இரண்டு பெயர்தான் முக்கியம். இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ்: 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க். டொயோட்டா ஹைலக்ஸ்: 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் டார்க். இரண்டுமே நல்ல வண்டிகள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. "ஹைலக்ஸ் 3.5 டன் இழுக்கும்" என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது ஆஸ்திரேலியாவில் விற்கிற வண்டிக்கு, அங்கே அங்கீகரித்த ஹிட்ச், வயரிங், கேம்பருக்குச் சொந்த பிரேக் எல்லாம் இருந்தால் பொருந்தும் எண். டி-மேக்ஸ் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: அங்கே 3.5 டன் இழுப்பதாகச் சொல்லும் மாடலில் இருப்பது 3 லிட்டர் இன்ஜின். பெயர் ஒன்று என்பதற்காக எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. டீலரிடம் கேட்க வேண்டியது: "இந்த வண்டி, இந்தியாவில், எத்தனை கிலோ ட்ரெய்லர் இழுக்கலாம்? எழுத்தில் தருவீர்களா?" வாய்மொழியாக "தாராளமா இழுக்கும் சார்" என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போ கணக்கு

கேம்பரின் விளம்பரத்தில் இருக்கிற எடை காலியான எடை. 1,500 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். 100 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் 100 கிலோ. கூடுதல் பேட்டரி, கேஸ் சிலிண்டர், ஏ.சி என்று ஒரு 80 கிலோ. துணி, பாத்திரம், அரிசி மளிகை, மடக்கு நாற்காலி, குழந்தையின் சைக்கிள் எல்லாம் சேர்த்து 120 கிலோ. இப்போதே 1,800 கிலோ ஆகிவிட்டது. நம் வீடுகளில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைக்கிற சாமானுக்கு எந்தக் கம்பெனியும் கணக்கு வைத்திருக்காது.

அடுத்தது எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம். கேம்பர் வண்டியின் பின்னால் உருண்டு வருவது மட்டுமில்லை, ஹிட்ச் மேல் அழுத்தவும் செய்கிறது. அந்த அழுத்தம் கேம்பர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் கேம்பர் வால் ஆட்டத் தொடங்கிவிடும். 1,800 கிலோவுக்கு அது 180 முதல் 270 கிலோ. இந்த எடை பிக்-அப்பின் சுமைக் கணக்கில் சேரும்.

உங்கள் பிக்-அப் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 450 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 70 கிலோ வீதம் நான்கு பேர், 280 கிலோ. மீதி 170. ஹிட்ச் கேட்பதோ குறைந்தபட்சம் 180. பின் தொட்டியில் ஒரு பெட்டிகூட வைக்காமலே எல்லை தாண்டிவிட்டது. இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்ற பேச்சே இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் ப்ரோஷரில் டார்க் எண்ணைத் தேடும் முன், வண்டியின் காலி எடையையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையும் தேடி, ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். ஷோரூமில் பார்க்கும்போது கம்பீரமாகத் தெரிகிற சில வண்டிகளில் இந்த வித்தியாசம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது.

ஏறுவது சுலபம், இறங்குவதுதான்...

பிக்-அப், கேம்பர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து 4 டன் என்று எடுத்துக்கொள்வோம். நேரியமங்கலம் தாண்டி ஏறத் தொடங்கினால், 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 41 குதிரைத்திறன் தேவை. காற்று, டயர் உராய்வு, ஏ.சி தனி. 163 குதிரைத்திறன் வண்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை. 75 குதிரைத்திறன் சுற்றுவட்டத்தில் இருக்கும் பொலிரோ பிக்-அப்கூட முக்கி முனகி ஏறிவிடும். சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகிற அந்த வண்டிகளை மலைப்பாதையில் தினமும் பார்க்கிறோம்.

சிக்கல் திரும்பி வரும்போது. மூணாறில் இருந்து நேரியமங்கலத்துக்கு இறக்கம் சுமார் 1,400 மீட்டர். அந்த 4 டன்னும் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், கிட்டத்தட்ட 190 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கில் சூடாக இறங்கும். கேம்பருக்குச் சொந்த பிரேக் இல்லையென்றால், 2 டன் வண்டிக்காகச் செய்த பிரேக் 4 டன்னின் சூட்டைத் தாங்க வேண்டும். மிதித்தால் பெடல் மெத்தென்று போவது அப்போதுதான்.

ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக். ஹிட்ச் அறுந்துபோனால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். நம் பட்டறையில் ஒரு கேம்பர் செய்து வாங்கினாலும் இந்த 750 கிலோ கோட்டை மனதில் வையுங்கள். இந்திய வாகனத் தரவகையும் ட்ரெய்லர்களை அங்கேதான் முதலில் பிரிக்கிறது: 750 கிலோ வரை டி-1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி-2.

நீளமும் ஒரு விஷயம். ஹைலக்ஸ் 5.3 மீட்டர். அதன் பின்னால் ஹிட்ச் கம்பியோடு சேர்த்து 6 மீட்டர் கேம்பர். மொத்தம் 11 மீட்டரைத் தாண்டுகிறது. நேரியமங்கலத்தில் 1935-ல் திறந்த பெரியார் ஆற்றுப் பாலத்தில் இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே கடக்க முடியாது. அந்தப் பக்கம் போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் கேம்பரின் சக்கரம் பிக்-அப்பின் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிப் போகும். நடுவில் அரசுப் பேருந்து வந்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பின்னால் போகத் தெரிய வேண்டும். காலி மைதானத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை பழகாமல் இது வராது.

கொடைக்கானலில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்து, சரக்கு வாகனங்களுக்கு 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உங்கள் பிக்-அப்பும் கேம்பரும் சேர்ந்த நீளம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் 'மோட்டார் வாகனம்'தான். அதற்கும் பதிவு வேண்டும், மூன்றாம் தரப்பு காப்பீடு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் ட்ரெய்லரில் தெரிய வேண்டும். பதிவில்லாத கேம்பரை ஹிட்ச்சில் மாட்டிச் சாலைக்கு வந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் விதிமீறல். எனவே ட்ரெய்லர் செய்து தருகிறவரிடம் முதல் கேள்வி சோபா நிறம் பற்றி இருக்கக் கூடாது. "இந்த மாடலுக்குத் தர ஒப்புதல் இருக்கா? இதுவரைக்கும் எந்த ஆர்.டி.ஓ-வில் பதிவாகியிருக்கு?" என்று கேளுங்கள்.

பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டில், சமையலறை போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். 2019 ஜனவரியில் கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் 'இ புல் ஜெட்' யூடியூப் சேனலின் கேரவன் பறிமுதலானபோது மாநிலமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ரசிகர்களின் கோபம் புரிகிறது. ஆனால் விதி அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைவிடக் கறார் என்பது எல்லை தாண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

லைசென்ஸ் பற்றிக் கொஞ்சம் நல்ல செய்தி. இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ம் தேதி தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியோடு கொச்சியில் வேலை பார்ப்பவர்கள், 12 மாதத்துக்கு மேல் வண்டி இங்கேயே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள், ட்ரெய்லருக்கும் சேர்த்துத்தான்.

கேரளாவின் கேரவன் திட்டம் யாருக்கு?

2021-ல் கேரள சுற்றுலாத் துறை 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்தது. முதல் 100 கேரவன்களுக்கு 7.5 லட்ச ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம் வரை மானியம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க் திறந்தது. அதற்கும் முன்பே, 2020-ல், மூணாறு டிப்போவில் பழைய கே.எஸ்.ஆர்.டி.சி பேருந்தில் படுக்கை போட்டு 100 ரூபாய்க்கு இரவு தங்க விட்டார்கள். கேரவன் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் யோசித்தால் அதுதான் முன்னோடி.

கொள்கை மனதில் வைத்திருந்தது சுற்றுலா நிறுவனங்கள் வாடகைக்கு விடுகிற, இன்ஜினோடு ஒரே உடலாக இருக்கிற மோட்டார் கேரவன். அதற்கு ஏஐஎஸ்-124 என்ற தனித் தர வரையறையும் உண்டு. தனிநபர் பிக்-அப்பில் இழுத்துவருகிற பெரிய கேம்பருக்கு, தண்ணீர் நிரப்ப, கழிவை இறக்க, மின்சாரம் எடுக்க வழியெங்கும் இடம் கிடைக்கும் என்று இதை வைத்து நம்பிவிட முடியாது.

மட்டாஞ்சேரியில் எங்கே நிறுத்துவீர்கள்?

பஜார் ரோட்டில் காலையில் நடந்து பாருங்கள். மசாலா கிடங்குகளின் வாசலில் லாரி நின்று மூட்டை இறங்கும். அதைச் சுற்றி ஆட்டோ, கைவண்டி, சுற்றுலாப் பயணி. ஒரு இன்னோவா திரும்பவே இடம் பார்க்க வேண்டிய தெரு அது. தோப்பும்படியில் இருக்கும் பழைய ஹார்பர் பாலத்தில் சின்ன வண்டிகளுக்குத்தான் இடம். கேம்பரோடு போகிறவர் பக்கத்துப் புதிய பி.ஓ.டி பாலத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்த முடியாத கேம்பருக்கு நகருக்கு வெளியே மாத வாடகையில் இடம் பிடிக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றிலும் பருவமழையிலும் சும்மா நிற்கிற வண்டியின் சேஸிஸ், பிரேக், வயரிங் மூன்றும் ஓடுகிற வண்டியைவிட வேகமாகக் கெடும்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். பிக்-அப் 35 லட்சம், கேம்பர் 15 லட்சம் என்று வையுங்கள். 50 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 4.5 லட்சம். ஆண்டுக்கு 20 இரவு அதில் தூங்கினால் ஒரு இரவுக்கு 22,500 ரூபாய், டீசலும் இன்சூரன்ஸும் தவிர்த்து. அந்தப் பணத்துக்கு மூணாறில் நல்ல ரிசார்ட்டே கிடைக்கும்.

சரி, கடைசியில் எது?

750 கிலோவுக்குள் இருக்கிற, மேலே கூடாரம் விரிகிற சின்ன கேம்பர் என்றால் வி-கிராஸோ ஹைலக்ஸோ தாராளம். என் கருத்தில் கொச்சியில் இருந்து கிளம்புகிற ஒரு இளம் குடும்பத்துக்கு இதுவே சரியான அளவு. 1.5 முதல் 2 டன் என்றால் கம்பெனி எழுத்தில் கொடுத்த இழுவை எண், ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக், இரண்டும் இருந்தால் மட்டும். அப்போது ஹைலக்ஸின் கூடுதல் டார்க் பேசும். 3 டன்னுக்கு மேல் வேண்டும் என்றால் பிக்-அப் தேடுவதை விட்டுவிடுங்கள். ஏஐஎஸ்-124 சான்று உள்ள மோட்டார் கேரவனை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கியே விட்டீர்கள் என்றால், மலை ஏறும் முன் ஒரு எடை மேடைக்குப் போங்கள். மூன்று முறை எடை போட வேண்டும். ஆட்களோடும் சாமானோடும் பிக்-அப் மட்டும். பிறகு கேம்பரை மாட்டி, பிக்-அப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில். கடைசியில் எல்லாமும். இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் ஹிட்ச் மேல் இருக்கும் எடை. மூன்றாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் கேம்பரின் முழு எடை. இரண்டில் எது எல்லையைத் தாண்டினாலும் முதலில் தண்ணீர் டேங்கைத் திறந்துவிடுங்கள். அடிமாலியில் நிரப்பிக்கொள்ளலாம்.